இருவரும் சேர்ந்து 205 கிலோ, அனுபவமும் குறைவு: எந்த டிங்கி பொருந்தும்?

அலைவாய்:

வணக்கம் நண்பர்களே. நானும் என் அண்ணனும் சேர்ந்து ஒரு பாய்மர டிங்கி, அதாவது சிறிய திறந்த படகு, வாங்கலாம் என்றிருக்கிறோம். என் எடை 98 கிலோ, அண்ணன் 107. எனக்கு 46 வயது, அவருக்கு 51. அவருக்கு வலது முழங்காலில் பழைய வலி உண்டு. ஐந்து நாள் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறோம், அதற்கு மேல் அனுபவம் இல்லை. பந்தயத்தில் ஆசை இல்லை. அலை அதிகம் இல்லாத நீரில், மிதமான காற்றில், இரண்டு மூன்று மணி நேரம் நிம்மதியாக ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சியில் எங்களுக்குக் கிடைத்தது 12 அடிப் படகு. நாங்கள் இருவரும் ஏறியதுமே பின்பக்கம் தாழ்ந்துவிடும். நான்காம் நாள் கவிழ்ந்தோம். நிமிர்த்துவதில் சிரமமே இல்லை, படகின் அடியில் நீட்டியிருக்கும் நடுப்பலகையில் நான் கால் வைத்ததும் எழுந்துவிட்டது. ஆனால் அண்ணனால் திரும்ப ஏற முடியவில்லை. மூன்று முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் மார்பு வரை எழும்புவார், கை நடுங்கும், மறுபடி தண்ணீருக்குள் போய்விடுவார். கடைசியில் பாதுகாப்புப் படகில் இருந்தவர்கள் இழுத்து ஏற்றினார்கள். அன்று முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. அந்தக் காட்சி எனக்கு மறக்கவே இல்லை.

இப்போது எங்கள் பட்டியலில் இருப்பவை: தெரிந்தவர் ஒருவர் தருவதாகச் சொல்லும் பழைய லேசர், மிரர், என்டர்பிரைஸ், வேஃபேரர், ஆர்எஸ் குவெஸ்ட். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்ற அறிவுரையை நிறையக் கேட்டுவிட்டோம். இன்றைய எடையில் இன்று ஓட்ட ஒரு படகு வேண்டும்.

சுக்கான்காரர்:

வாருங்கள் அலைவாய். முதலில் லேசரை விட்டுவிடுங்கள். அருமையான படகு, ஆனால் ஒருவருக்காகவே வரையப்பட்டது. 4.23 மீட்டர் நீளம் என்றதும் பெரிதாகத் தோன்றும். ஓடு, அதாவது பாயும் மரமும் இல்லாத வெறும் படகுடல், 59 கிலோதான், உட்காரும் குழியோ ஒருவர் கால் வைக்கும் அளவு. உங்களில் ஒருவர் தனியாக ஓட்டலாம், இருவருக்கு அது படகே அல்ல.

எடை விஷயத்தை ஒரு கணக்காகவே பாருங்கள், மனம் லேசாகிவிடும். நன்னீரில் ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் தண்ணீர் விலக வேண்டும். நீங்கள் இருவரும் ஏறினால் 205 லிட்டர். நீர்மட்டத்தில் படகு அடைக்கும் பரப்பு 2 சதுர மீட்டர் என்றால், உங்களுக்காக மட்டும் அது 10 சென்டிமீட்டர் தாழும். அதே பரப்பு 4 சதுர மீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர்தான். பயிற்சிப் படகில் நீங்கள் பார்த்தது இதைத்தான். குறை உங்கள் உடம்பில் இல்லை, அந்த ஓட்டின் அளவில் இருந்தது.

இதனாலேயே மிரரும் வேண்டாம். 3.30 மீட்டர் நீளம், 45 கிலோ சொச்சம். 1962-ல் வீட்டிலேயே ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளும்படி வந்த படகு. ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் போக அதைவிட நல்லது கிடைக்காது. 205 கிலோவுக்கு அதில் இடமில்லை.

என்டர்பிரைஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 4.04 மீட்டர், இருவர் படகு, பழையவை எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஒல்லியான ஓட்டுக்குத் தாராளமான பாய். நிற்கும்போதே ஆடும். பழகியவர்களுக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். புதியவர்கள், அதுவும் இடம் மாறி உட்காரச் சற்று நேரம் எடுப்பவர்கள், ஒவ்வொரு முறை பாயைப் பக்கம் மாற்றும்போதும் தடுமாறுவார்கள்.

ஆக மிஞ்சுவது வேஃபேரர், குவெஸ்ட். ஜிபி14-ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஜாக் ஹோல்ட் 1949-ல் வரைந்தது, 4.27 மீட்டர், ஓடு 133 கிலோ அளவில். என்டர்பிரைஸும் அவர் வரைந்ததுதான், ஆனால் இது நிதானமானது.

நீர்க்காகம்:

நான் பல வருடங்களாகப் பெரியவர்களுக்குப் பாய்மரப் பயிற்சி கொடுக்கிறேன். சுக்கான்காரர் சொன்னதில் தவறே இல்லை, ஆனால் நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். அலைவாய், உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் இரண்டாவது பத்தியிலேயே இருக்கிறது. உங்கள் அண்ணன் தண்ணீரிலிருந்து தானாக ஏறக்கூடிய படகுதான் உங்கள் படகு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ஏற முடியும் என்று தெரிந்தவர் தைரியமாக ஓட்டுவார். தெரியாதவர் ஒவ்வொரு காற்றுக்கும் விறைத்துப்போவார், விறைத்தவர் பாய்க்கயிற்றை விட மாட்டார், விடாததாலேயே கவிழ்வார். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இருவரில் ஒருவர் ஏறவே தேவையில்லாத முறை ஒன்று உண்டு. அதைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், அவசரத்தில் மறந்திருக்கும். படகு பக்கவாட்டில் கிடக்கிறது. ஒருவர் சுற்றிப் போய் நடுப்பலகையைப் பிடிக்கிறார். மற்றவர் படகின் உட்பக்கம், தண்ணீருக்குள் இருக்கும் விளிம்பை ஒட்டி மிதந்தபடி கால்பட்டையை (சாய்ந்து உட்காரும்போது பாதத்தை மாட்டிக்கொள்ளும் பட்டை) பிடித்துக்கொள்கிறார். அதில் தொங்கி இழுக்கக் கூடாது, லேசாகப் பிடித்தால் போதும். வெளியே இருப்பவர் நிமிர்த்தும்போது உள்ளே இருப்பவரைப் படகே அள்ளி எடுத்துக்கொள்ளும். அந்த இடம் அண்ணனுடையது. எழுந்ததும் அவர் செய்ய வேண்டியது இரண்டு: பாய்க்கயிறுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது, நடுவில் தாழ்ந்து உட்காருவது. பிறகு உங்களை ஏற்றலாம்.

நிமிர்த்துபவருக்கும் ஒரு எச்சரிக்கை. 98 கிலோ பலகையின் நுனியில் நின்றால் பலகை முறியலாம். ஓட்டை ஒட்டி, பலகை வெளியே வரும் இடத்தில் காலை வையுங்கள். உங்கள் எடைக்கு அதுவே போதும். இலேசானவர்கள் நுனிவரை போய்த் தவிப்பார்கள், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வெளியே இருப்பவர் ஏறுவதற்குக் கயிற்றுப்படி கட்டுங்கள். பக்கவாட்டில் தொங்கவிடாதீர்கள். காலை வைத்து மிதித்ததும் கால் ஓட்டுக்கு அடியில் போய்விடும், உடம்பு மல்லாந்து சாயும், ஏறவே முடியாது. பின்சுவரில், சுக்கானுக்கு ஒரு பக்கமாகக் கட்ட வேண்டும். கயிற்றின் கீழ்வளைவில் ஒரு முழம் தோட்டக்குழாயை மாட்டினால் வளையம் திறந்தே இருக்கும், கால் தேடாமலே உள்ளே போகும். வலியுள்ள காலை அதில் வைக்கக் கூடாது என்பதால் எந்தப் பக்கம் கட்டுவது என்பதை அண்ணனிடமே கேட்டுக் கட்டுங்கள்.

இன்னொன்று, பாய்மர உச்சியில் ஒரு மிதவை. படகு தலைகீழாகப் போகாமல் பக்கவாட்டிலேயே நிற்க அது உதவும். அழகாக இருக்காது, பரவாயில்லை.

அலைவாய்:

நன்றி அம்மா. அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அள்ளி ஏற்றும் முறையை எங்களுக்குக் காட்டினார்கள், ஆனால் அன்று அவர் பதற்றத்தில் வெளிப்பக்கம் வந்துவிட்டார் என்பது இப்போதுதான் புரிகிறது.

இரண்டு சந்தேகம். வேஃபேரர் கரையில் நகர்த்தப் பெரும்பாடு என்கிறார்களே, உண்மையா? எடை அதிகமுள்ளவர்களுக்குப் பலத்த காற்றில் லாபம் என்றும் கேள்விப்பட்டேன், அது எந்த அளவுக்கு?

மரக்கலம்:

பதினோரு வருடமாக வேஃபேரர் வைத்திருக்கிறேன், அதனால் என் பேச்சில் பாசம் இருக்கும்.

கரை விஷயம் உண்மைதான். ஓடு மட்டும் 169 கிலோ. பாய்மரம், பூம் (பெரும்பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கட்டை), பாய், நங்கூரம், துடுப்பு எல்லாம் சேர்ந்தால் 200-ஐத் தாண்டும். தள்ளுவண்டியில், சமதரையில் இருவர் தாராளமாக நகர்த்தலாம். நனைந்த சரிவில் மேலே இழுப்பதுதான் சோதனை. வண்டியின் முன்சக்கரம் நன்றாக இருக்கட்டும், ஒரு நீளக் கயிறும் கையோடு இருக்கட்டும். வண்டியைத் தண்ணீருக்குள் போதிய ஆழம் இறக்கிவிட்டுத்தான் படகை அதன்மேல் மிதக்க விட வேண்டும். பாதி ஆழத்தில் இழுத்து ஏற்றப் பார்த்தால் முதுகு போய்விடும். உங்கள் கரையில் செங்குத்தான சரிவு என்றால், உதவிக்கு மூன்றாவது ஆள் எப்போதும் கிடைப்பாரா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள்.

தண்ணீரில் இறங்கிய பிறகு அந்த எடை முழுவதும் உங்களுக்கு நண்பன். 4.82 மீட்டர் நீளம், 1.85 அகலம். 1957-ல் இயன் புரோக்டர் வரைந்தபோதே குடும்பமாகப் போக, இரவில் உள்ளே படுத்துத் தூங்க என்று நினைத்து வரைந்த படகு. நீங்கள் ஒரு பக்கம் எழுந்து நின்றாலும் படகு சாய்ந்து யோசிக்கும், உடனே கவிழாது. ஃபிராங்க் டை 1963-ல் ஒரே ஒரு துணையோடு ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கு வேஃபேரரில்தான் போனார். அடுத்த ஆண்டு நார்வே பயணத்தில் புயலில் பாய்மரம் முறிந்தும் கரை சேர்ந்தார்கள். அதைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை, அந்த ஓடு எதைத் தாங்கியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

முழங்கால் விஷயத்தில் எல்லோரும் மறப்பது பூம் உயரம். கரையில் பாயை ஏற்றி, பூமை நடுவில் வைத்துவிட்டு, அண்ணனை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்து உட்காரச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் போதுமா, அல்லது முழங்கால் போட்டுத் தவழ வேண்டியிருக்கிறதா? தவழ வேண்டியிருந்தால் அந்தப் படகு அவருக்கு வேண்டாம், மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. பூமைக் கீழே இழுக்கும் கயிறு முன்னால் இருப்பவரின் வழியை அடைக்கிறதா என்றும் பாருங்கள்.

பழையது வாங்கினால் நான் முதலில் பார்ப்பது காற்றறைகளை. மூடிகளைத் திறந்து உள்ளே கை விட்டால் ஈரமாக இருக்கக் கூடாது. பிறகு நடுப்பலகையின் உறை தரையோடு சேரும் இடம். பலகையை இறக்கி அசைத்துப் பார்த்தால் அங்கே விரிசல் இருந்தால் தெரியும். பலகை இறக்கிய இடத்தில் நிற்கிறதா என்பதும் முக்கியம். தலைகீழான படகில் பலகை உறைக்குள் நழுவிப் போனால் கால் வைக்க எதுவும் இருக்காது.

அணியத்தான்:

மரக்கலம் ஐயாவோடு கொஞ்சம் முரண்படுகிறேன். புதியவர்களுக்கு வேஃபேரர் அதிகம் என்பது என் கருத்து. பழைய வேஃபேரர் கவிழ்ந்து நிமிர்ந்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கும் தெரியுமா? தானாக வடிக்கும் வால்வு படகு ஓடும்போதுதான் வேலை செய்யும். நின்ற இடத்தில் வாளியால் இறைக்க வேண்டும். இறைத்து முடிப்பதற்குள் இன்னொரு காற்று வந்து தள்ளினால், உள்ளே புரளும் தண்ணீரே மறுபடி கவிழ்த்துவிடும்.

குவெஸ்ட் போன்ற வார்ப்பு பாலிஎத்திலீன் படகுகளில் தரை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும், பின்பக்கம் திறந்திருக்கும். நிமிர்ந்ததும் தண்ணீர் தானே ஓடிவிடும். அந்தத் திறந்த பின்பக்கம்தான் உங்கள் அண்ணனுக்கு வாசல். கடக்க வேண்டிய சுவர் இல்லை, வயிற்றால் சறுக்கி உள்ளே போகலாம். கரையில் கல்லில் உரசினாலும் தாங்கும். உடைந்தால் ஒட்டுவது கடினம் என்பது உண்மை, ஆனால் எளிதில் உடையாது. 4.29 மீட்டர் போதாது என்று தோன்றினால் அதே வகையில் ஏறக்குறைய 5 மீட்டரில் ஆர்எஸ் வென்ச்சர் இருக்கிறது.

யாராவது 420, 470 என்ற இருவர் பந்தயப் படகுகளைச் சொன்னால் கேட்காதீர்கள். அவற்றில் இருவரும் சேர்ந்து 110 முதல் 145 கிலோ வரை இருந்தால்தான் சரியாக ஓடும். ஹோபி 16 இரட்டை ஓட்டுப் படகும் இப்போது வேண்டாம். உங்கள் எடையில் நிமிர்த்துவது எளிது என்றாலும், காற்றுவாக்கில் வேகமாகப் போகும்போது அதன் மெல்லிய அணியம் (முன்முனை) தண்ணீருக்குள் குத்திக்கொண்டால் படகு முன்பக்கமாகப் புரளும்.

மரக்கலம்:

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வேஃபேரரிலும் தானே வடியும் தரையுள்ள வகைகள் பின்னாளில் வந்தன. பழையதைப் பார்ப்பவர்கள் எந்த வகை என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஆனால் ஒன்று: தரை உயர்ந்த படகு பக்கவாட்டில் கிடக்கும்போது உயரமாக மிதக்கும். நடுப்பலகை தலைக்கு மேலே நிற்கும், தண்ணீரில் இருப்பவர் அதை எட்டிப் பிடித்து ஏற வேண்டும். எட்டவில்லை என்றால் விளிம்பிலிருந்து ஒரு கயிறு எறிந்து பிடித்துத் தொங்க வேண்டும். அதையும் முயன்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சுக்கான்காரர்:

பலத்த காற்றில் லாபமா என்று கேட்டிருந்தீர்கள். லாபம்தான். பாயில் காற்று தள்ளுவதை எதிர்ப்பது விளிம்பில் உட்கார்ந்திருக்கும் எடை. 120 கிலோ ஜோடி பாயைச் சுருக்க வேண்டிய காற்றில் நீங்கள் முழுப் பாயோடு நேராக ஓட்டலாம். அதற்காகப் பாயைச் சுருக்கப் பழகாமல் இருந்துவிடாதீர்கள். பெரும்பாயில் சுருக்கும் கயிறுகள், முன்பாயில் சுருட்டும் உருளை இரண்டும் இல்லாத படகை எடுக்கவே வேண்டாம். முதல் சில மாதம் கரையிலேயே ஒரு மடிப்புச் சுருக்கிவிட்டுக் கிளம்புங்கள். காற்று குறைந்தால் விரித்துக்கொள்ளலாம், கூடிய பிறகு நடுநீரில் சுருக்குவதுதான் கஷ்டம்.

இளங்காற்றில் நிலைமை நேர்மாறு. படகு மெதுவாகத்தான் போகும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பாதி வேகத்தை உட்காரும் இடத்திலேயே மீட்கலாம். பின்னால் காது கொடுத்துக் கேளுங்கள். பின்சுவரின் அடியில் களகளவென்று குமிழ் சத்தம் வந்தால் பின்பக்கம் தண்ணீரை இழுக்கிறது என்று அர்த்தம். இருவரும் ஒரு சாண் முன்னால் நகருங்கள். சத்தம் அடங்கி, பின்னால் தண்ணீர் வழவழவென்று பிரியும். அந்த நிமிடமே சுக்கான் கையில் இலேசாகிவிடும். இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்காருங்கள். ஒருவர் முனையில், ஒருவர் பின்கோடியில் என்று பிரிந்து உட்கார்ந்தால் படகு தலையாட்டிக்கொண்டே போகும்.

தகட்டையும் படியுங்கள். ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த படகுகளில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று ஒரு தகடு இருக்கும். கூடவே சி, டி என்று ஒரு எழுத்து. டி என்றால் பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 4 வரை காற்று, 0.3 மீட்டர் அலை. சி என்றால் 6 வரை காற்று, 2 மீட்டர் அலை. அதில் ஆள் எண்ணிக்கையை நம்பாதீர்கள், கிலோவைப் பாருங்கள். மூன்று பேர் என்று போட்டிருப்பது உங்கள் அளவில் மூன்று பேர் அல்ல.

நீர்க்காகம்:

சின்ன விஷயம், ஆனால் விட முடியாது. மிதவை அங்கியை வாங்கும்போது தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வயிறு முன்னால் உள்ளவர்களுக்கு அங்கி மேலே நழுவிக் காதை மூடும், முகத்தைத் தள்ளும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் மோவாயைத் தொடக் கூடாது. தொட்டால் தொடைக்கிடையே போகும் பட்டை உள்ளதை எடுங்கள். முன்பக்கம் தடித்த அங்கி ஏறும்போது விளிம்பில் மாட்டும் என்பதையும் கவனியுங்கள். உங்கள் அண்ணன் அன்று மார்பு வரை எழும்பி நின்றுவிட்டார் என்றீர்கள். அங்கிகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

அலைவாய்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக நீங்கள் சொன்னதை வைத்தே சுற்றினோம். இரண்டு படகை ஓட்டிப் பார்த்தோம், இரண்டையும் வேண்டுமென்றே கவிழ்த்தோம். உதவிப் படகு பக்கத்தில் நின்றது.

முதலில் குவெஸ்ட். அண்ணன் திறந்த பின்பக்கம் வழியாக முதல் முயற்சியிலேயே உள்ளே போய்விட்டார். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, "தம்பி, ஏறிட்டேன்டா" என்றார். நான் இன்னும் தண்ணீரில் இருந்தேன், குரல் மட்டும்தான் கேட்டது. ஆனால் ஓட்டும்போது இருவருக்கும் கால் இடித்துக்கொண்டே இருந்தது. அவர் முழங்காலை நீட்ட முடியவில்லை, அரை மணிக்கு மேல் தாங்கவில்லை.

பிறகு தானே வடியும் தரையுள்ள ஒரு வேஃபேரர். பூம் சோதனையைக் கரையிலேயே செய்தோம், குனிந்தால் போதுமாயிருந்தது. இரண்டு மணி நேரம் ஓட்டினோம், அவர் காலை நீட்டியே உட்கார்ந்திருந்தார். குமிழ் சத்தம் வந்தது, முன்னால் நகர்ந்தோம், அடங்கியது. அதைக் கேட்டபோது இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். கவிழ்த்தபோது மரக்கலம் ஐயா சொன்னபடியே பலகை உயரத்தில் நின்றது, எனக்குக் கயிறு தேவைப்பட்டது. அண்ணனைப் படகு அள்ளிக்கொண்டது. அப்புறம் அவரே, நானும் தனியாக ஏறிப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் தண்ணீரில் குதித்தார். குழாய் மாட்டிய கயிற்றுப்படியை இடது பக்கம் கட்டியிருந்தோம். முதல் முறை வளையம் மிக ஆழத்தில் இருந்தது, கால் நேராக நீண்டதே தவிர உடம்பு எழும்பவில்லை. ஒரு சாண் ஏற்றிக் கட்டினோம். இரண்டாம் முறை இடுப்பு வரை வந்து நின்றார். கைக்குப் பிடிப்பாகக் கால்பட்டையின் பின்முனையை இழுத்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை ஏறிவிட்டார்.

வேஃபேரரையே வாங்குவதாகச் சொல்லிவிட்டோம். கரைச்சரிவு செங்குத்து இல்லை, அக்கா மகன் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். நீர்க்காகம் அம்மாவிடம் ஒரு கேள்வி பாக்கி: பின்சுவரில் கைப்பிடிப் பட்டை ஒன்றை நிரந்தரமாகத் திருகி வைக்கலாமா, உட்பக்கம் தாங்குபலகை போட வேண்டுமா?

நீர்க்காகம்:

கட்டாயம் போட வேண்டும். வெறும் ஃபைபரில் திருகினால் 107 கிலோ இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். உட்பக்கம் தடித்த ஒட்டுப்பலகைத் துண்டு, பெரிய வாஷர், துளையில் நீர்புகாப் பசை, ஊடுருவிப் போகும் போல்ட். சாதாரணத் திருகு ஆணி கூடாது. இடத்தை அளவுநாடாவால் முடிவு செய்யாதீர்கள். அண்ணனைத் தண்ணீரில் இறக்கி, வளையத்தில் கால் வைக்கச் சொல்லி, அவர் கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள்.